நூறடித் தாளில் ஒரு கீறல்

(திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, பெற்றோரே, வணக்கம்.

இரவில் கடலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தூரத்தில் வெளிச்சவீடு மின்னினால், எத்தனை செக்கனுக்கு ஒரு தடவை என்று எண்ணியே அது எந்த வெளிச்சவீடு என்று சொல்லிவிடுவார்கள். பல்சரையும் எண்ணித்தான் அடையாளம் காண்கிறோம். பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் உருண்டை அது. குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். இங்கிருந்து நிலாவெளியைச் சற்றுத் தாண்டும் தூரம். நிறையோ சூரியனைவிடக் கூட. அது சுழலச் சுழல, அதன் ரேடியோக் கற்றை பூமியைத் தொட்டுவிட்டுப் போகும்.

1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி இதைக் கண்டுபிடித்தார். கணினி இல்லை. ரேடியோத் தொலைகாட்டியில் வந்து விழுவதைப் பேனா கீறித் தள்ளும் தாள், நாளொன்றுக்கு ஏறக்குறைய நூறு அடி. அத்தனையையும் கண்ணாலேயே பார்த்தவருக்கு, ஒரு விரலகலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல் உறுத்தியது. தாளை வேகமாக ஓடவிட்டால் விபரம் தெரியும் என்று காத்திருந்தார். வாரக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. ஒருநாள் சொற்பொழிவு கேட்கப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து அது வந்து போயிருந்தது. (சொற்பொழிவுகளால் இப்படியும் நட்டம் உண்டு.) கடைசியில் நவம்பர் 28 அன்று அகப்பட்டது: 1.33 செக்கனுக்கு ஒரு துடிப்பு, அச்சுப் பிசகாமல்.

யாரோ மனிதர் செய்யும் இரைச்சலோ? இல்லை. அது நாளுக்கு 4 நிமிடம் முந்தி முந்தி வந்தது. நட்சத்திரங்கள் அப்படித்தான் உதிக்கும். நம் மணிக்கூட்டைப் பார்த்து வேலை செய்யும் எதுவும் அப்படி வராது. 1974இல் நோபல் பரிசு பெல்லின் மேற்பார்வையாளருக்குப் போனது, பெல்லுக்கு இல்லை. எனக்கு அது இன்றைக்கும் சரியாகப் படவில்லை.

சரி, பெரும்பாலான பல்சர்களின் தனித் துடிப்பு இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்குமே, எப்படிப் பிடிப்பது? காற்று இரைகிற நாளில் உப்புவெளியிலிருந்து கோணேசர் கோயில் மணியைப் பதிவுசெய்கிறீர்கள் என்று வையுங்கள். மணி 2 செக்கனுக்கு ஒரு தடவை அடிக்கிறது. பதிவை இரண்டு இரண்டு செக்கனாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஆயிரம் துண்டை அடுக்கினால், காற்று தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மணி மட்டும் எழும்பி நிற்கும். இடைவெளியை மயிரளவு பிழையாக எடுத்தாலும் மணி கலங்கிவிடும். அதனால்தான் காலத்தை அவ்வளவு நுட்பமாக அளக்கிறார்கள்.

வந்தது பல்சரா, பூமியின் இரைச்சலா என்று அறிய இன்னொரு சோதனையும் உண்டு. ஆட்டோ எஞ்சினின் தீப்பொறி எல்லா மீடிறனிலும் (அலை செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதுதான் மீடிறன்) ஒரே நேரத்தில் கரகரக்கும். பல்சரின் துடிப்பு அப்படியில்லை. விண்வெளியில் தனித்துத் திரியும் இலத்திரன்களைக் கடந்து வருவதால் உயர் மீடிறன் முதலிலும் தாழ் மீடிறன் பிந்தியும் வந்து சேரும். எவ்வளவு பிந்தியது என்று பார்த்தால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் மதிப்பிடலாம்.

பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் ஊட்டி இருக்கிறது. 530 மீற்றர் நீள ரேடியோத் தொலைகாட்டியை, வடக்கே ஏறும் 11 பாகைச் சரிவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊரின் அகலக்கோடும் 11 பாகை. ஆகவே அதன் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரம். ஒரே ஒரு அச்சில் திருப்பினாலே வானத்தைத் தொடர்ந்து போகலாம். நமக்கு எட்டரைப் பாகை போதும். கன்னியாப் பக்கம் அப்படி ஒரு சரிவு இருக்கிறதா என்று, பாகைமானியோடு யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.