டத்தோ கேட்டாலும் சான்று வேண்டும்

நடுவர் அவர்களே, பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். தம்மைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரை தவறென்று ஒரு பிரமுகர் முறையிட்டால், அவர் சொல்லையே ஏற்றுத் திருத்திவிடலாம் என்கிறது எதிரணி. சான்று பார்த்துத்தான் திருத்த வேண்டும் என்கிறோம் நாங்கள்.

எதிரணித் தலைவர், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் பட்ட பாட்டை நினைவூட்டினார். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவருக்குத் தொடர்பிருந்ததாக 2005 மே மாதம் ஒருவர் எழுதிவைத்த பொய், நான்கு மாதங்களுக்கும் மேலாக அப்படியே கிடந்தது. கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிக்கு ஆதாரமே இல்லையே, ஐயா! சான்று கேட்கும் வழக்கம் அன்று இறுக்கமாக இருந்திருந்தால், அவர் முறையிடும் முன்பே அது நீங்கியிருக்கும். வாழ்பவரைப் பற்றிச் சான்றின்றி எழுதிய பாதகமான செய்தியை உடனே நீக்க வேண்டும் என்ற விதி, அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் உறுதிப்பட்டது. மெய்ப்பிக்கும் சுமை எழுதியவருடையது, முறையிட்டவருடையது அன்று.

எழுத்தாளர் பிலிப் ராத், தம் நாவலுக்குத் தூண்டுதல் யார் என்பதைத் திருத்தக் கேட்டபோது, வேறு சான்றும் வேண்டும் என்றார்கள். அவர் 2012இல் நியூயார்க்கர் இதழின் தளத்தில் திறந்த மடல் எழுதினார். அந்த மடலே சான்றாகி, அவர் விளக்கம் கட்டுரையில் ஏறியது.

நான் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவன். டத்தோ பட்டம் பெற்ற நம் ஊர்ப் பிரமுகர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு சங்கத்திலிருந்து தாம் நீக்கப்பட்டதாக இருந்த வரியைக் கண்டு மனம் நொந்து எழுதினார். அதற்குக் காட்டியிருந்த மேற்கோளைத் திறந்து பார்த்தால், அப்படியொரு செய்தியே அதில் இல்லை. அன்றிரவே வரியை எடுத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டோம். அடுத்து, தாமே விலகியதாக எழுதச் சொன்னார். அங்கேதான் நின்றோம். அவர் வாய்ச்சொல்லுக்கு ஒரு வரி ஏறினால், நாளை இன்னொருவர் தம்மீதான நீதிமன்றத் தீர்ப்பையே அழிக்கச் சொல்வார். பட்டமில்லாத ஓர் ஆசிரியருக்கோ அந்தக் கதவு திறக்காது.

மூன்று வாரம் கழித்து அவர் மகள் ஒரு படம் அனுப்பினார்: பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய நாளிதழ் நறுக்கு, மடிப்பில் கிழிசல், ஓரத்தில் டத்தோவே மையால் குறித்த தேதி. நூலகத்தில் அந்த நாளின் இதழைத் தேடிப் பார்த்தோம். மூன்றாம் பக்கத்தில் விலகல் செய்தி இருந்தது. இதழின் பெயர், நாள், பக்க எண்ணோடு அந்த வரி இன்று கட்டுரையில் நிற்கிறது, நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.