மூக்குக்குப் போட்ட கோடு

[காட்சி: எவர்சில்வர் டம்ளரில் சூடான காபி]

நல்ல எவர்சில்வரில் நூறு கிராமுக்குச் சுமார் 18 கிராம் குரோமியம். அது துருப்பிடிக்காமல் இருப்பதே அதனால்தான். தினமும் அதில் காபி குடிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை.

[காட்சி: வெல்டிங் பட்டறை. மாடிப்படிக் கைப்பிடிக்குக் குனிந்து ராடு வைக்கும் ஆள், புகை நேராக அவர் முகத்துக்கு]

அதே எவர்சில்வர்தான் இதுவும். ஆனால் இந்தப் புகை நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-லேயே இந்தப் புகையில் இருக்கும் ஆறாம் நிலைக் குரோமியத்தை முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சிகரெட்டும் அஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. 2017-ல் வெல்டிங் புகை முழுவதையுமே, சாதா இரும்பு வெல்டிங் உட்பட, அங்கேயே கொண்டுபோய் வைத்தார்கள்.

அதென்ன ஆறாம் நிலை? குரோமியம் மற்ற பொருள்களோடு சேரும்போது எத்தனை எலெக்ட்ரானை இழக்கிறதோ, அதுதான் அதன் நிலை. சேர்மங்களில் பெரும்பாலும் மூன்றாம் நிலையில் இருக்கும், அல்லது ஆறில். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடப் போடும் குரோம் உப்பு மூன்று. வெல்டிங் நெருப்பில் குரோமியம் ஆவியாகி ஆக்சிஜனோடு சேரும்போது ஒரு பங்கு ஆறாகிவிடுகிறது. ராடின் மேல்பூச்சில் உள்ள பொட்டாசியமும் சோடியமும் இதற்குத் துணை போகின்றன. அதனால் ஆர்கான் வாயு விட்டுச் செய்யும் வெல்டிங்கைவிட ராடு வெல்டிங்கில்தான் ஆறு அதிகம் வரும்.

[காட்சி: செல்லின் படம். சல்பேட்டும் குரோமேட்டும் பக்கத்தில் பக்கத்தில்]

இந்த வீடியோவில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். மூன்று, செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆறு அப்படியில்லை. அது காற்றில் வரும் குரோமேட் வடிவம், உடம்புக்குத் தேவையான சல்பேட் போலவே இருக்கும். சல்பேட்டுக்காகத் திறக்கும் வாசல் வழியே இதுவும் உள்ளே போய்விடுகிறது. உள்ளே வைட்டமின் சியும் செல்லிலேயே இருக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளும் அதைப் பிடித்து மூன்றாக மாற்றுகின்றன. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மாறிய குரோமியத்துக்கு இப்போது வெளியே வர வழியில்லை. டிஎன்ஏ-வில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது அந்த இடத்தில் எழுத்துப்பிழை விழுகிறது. பிழைகள் சேர்ந்து நோயாக இருபது வருடம்கூட ஆகலாம். அதற்குள் அந்த ஆள் பட்டறையை விட்டு ஊருக்கே போயிருப்பார்.

(வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். அது வயிற்றுக்குப் போகிறது. புகை போனது நுரையீரலுக்கு.)

[காட்சி: குரோம் பிளேட்டிங் தொட்டி. ஆரஞ்சு நிறக் கரைசல், மேலே நுரை]

ஆறாம் நிலையை நேரடியாகவே பயன்படுத்தும் வேலை குரோம் பிளேட்டிங், அதாவது குரோமிய முலாம் பூசுவது. குரோமிக் அமிலத் தொட்டியில் விடும் மின்சாரத்தில் பெரும்பகுதி முலாமுக்குப் போவதில்லை, ஹைட்ரஜன் குமிழியாகிப் போகிறது. குமிழி மேலே வந்து உடையும்போது அமிலம் மெல்லிய சாரலாகத் தெறிக்கிறது. தொட்டி ஓரத்தில் குனிந்து நிற்பவர் மூச்சோடு அதுவும் உள்ளே போகும்.

முதலில் மாட்டுவது மூக்கு. இரண்டு துவாரத்துக்கும் நடுவே இருக்கும் சுவரில் புண் வந்து, பொருக்கு கட்டி, ஓட்டை விழுந்துவிடும். பெரிதாக வலி இல்லாததால், ஓட்டை விழுந்ததே பலருக்குத் தெரியாது. 1928-ல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை பிளேட்டிங் ஆட்களின் மூக்கைப் பார்த்து இதைப் பதிவு செய்தது. பின்னாடி அங்கே வேலையிடக் காற்றுக்கு ஒரு வரம்பு வந்தது. ஒரு கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராம். அது மூக்கையும் தோலையும் காக்கப் போட்ட கோடு. நுரையீரல் அந்தக் கணக்கிலேயே இல்லை.

1948-ல் அமெரிக்கக் குரோமேட் ஆலைகளில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு அதிகம் என்று ஆய்வு வந்த பிறகும் அந்தக் கோடு நகரவில்லை. 2006-ல்தான் அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையினர் அதை 5 ஆக இறக்கினார்கள். அப்போது அவர்களே போட்ட கணக்கைப் பாருங்கள். பழைய வரம்பில் ஒருவர் 45 வருடம் வேலை செய்தால், ஆயிரம் பேரில் 101 முதல் 351 பேர் வரை கூடுதலாக நுரையீரல் புற்றுநோயில் சாவார்கள். புதிய வரம்பிலும் 10 முதல் 45 பேர்.

[காட்சி: திரையில் இரண்டு எண்கள்: 52, 50]

சரி, நம் ஊரில்? 2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், தண்ணீரில் கரையும் குரோமேட்டுக்குப் போட்டிருந்த எண் 0.05 மில்லிகிராம். அதாவது 50 மைக்ரோகிராம். அமெரிக்கா கைவிட்ட கோட்டுக்கு இரண்டு மைக்ரோகிராம் கீழே. அதையும் மூன்று பேர் வேலை பார்க்கும் தெருமுனைப் பட்டறையில் யார் வந்து அளந்தார்கள்?

(ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன சுமார் ஒன்றரை லட்சம் டன் கழிவு தண்ணீரைக் கெடுத்த கதை வேறு. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.)

[காட்சி: வெல்டர், பக்கத்தில் உறிஞ்சு குழாய்]

பட்டறையில் என்ன செய்யலாம்? புகையை முகத்துக்கு வரும் முன்னே பிடிக்க வேண்டும். உறிஞ்சு குழாயின் வாயைத் தீப்பொறிக்குப் பக்கவாட்டில், குழாயின் அகலம் அளவுக்கு நெருக்கமாக வைக்க வேண்டும். தலைக்கு மேலே மாட்டினால் புகை மூக்கைத் தாண்டித்தான் அங்கே போகும். கைக்குட்டை கட்டுவது பிரயோஜனமில்லை, துகள் அவ்வளவு சின்னது. என்-95 அல்லது அதற்கு மேல், முகத்தில் இறுக ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. கறுப்புக் கண்ணாடி கண்ணுக்கு மட்டும். பிளேட்டிங் தொட்டியில் பிளாஸ்டிக் உருண்டைகளை மிதக்கவிட்டாலோ, சாரலை அடக்கும் திரவம் கலந்தாலோ தெறிப்பது குறையும், தொட்டி ஓரத்தில் உறிஞ்சியும் வேண்டும்.

சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூடும். ஆனால் அதே சிகரெட்தான் உண்மையை மறைக்கவும் செய்கிறது. இருமலோடு போனால் டாக்டர் "சிகரெட் உண்டா?" என்று கேட்பார். உண்டு என்றதும் விஷயம் முடிந்துவிடும். குரோமியப் புண்ணும் தொழில்வழிப் புற்றுநோயும் அந்தத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தன. கண்டால் டாக்டர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றது அதன் 89-ஆம் பிரிவு. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எத்தனை வருடம், எவர்சில்வரா இரும்பா, ராடா ஆர்கானா, தொட்டியில் நின்றீர்களா. ஓ.பி. சீட்டில் அதை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.