‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’: வீடு ஏன் அண்ணனுக்குப் போனது?

அடுத்த கேள்வி. ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ படம் பார்த்துவிட்டு ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “அப்பா இறந்ததும் வீடு, நிலம் எல்லாம் மூத்த தாரத்து மகனுக்குப் போய்விடுகிறது. இளைய தாரமும் மூன்று பெண்களும் வெளியேறுகிறார்கள். பெண்களுக்குச் சொத்தே கிடையாது என்பதுதான் அன்றைய இங்கிலாந்துச் சட்டமா? வருடத்துக்கு 500 பவுண்டு வருகிறதே, அப்புறம் ஏன் மாட்டிறைச்சி வாங்கக்கூட யோசிக்கிறார்கள்?”

நல்ல கேள்வி. படம் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறது. சாகக் கிடக்கும் அப்பா மகன் ஜானைக் கூப்பிட்டு, சட்டப்படி நார்லாண்ட் எஸ்டேட்டும் வீடும் உனக்குத்தான், இவர்களைப் பார்த்துக்கொள் என்கிறார். அவ்வளவுதான். 1811-ல் வந்த ஜேன் ஆஸ்டினின் நாவலில் கதை வேறு. அங்கே அப்பாவுக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். அவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது இந்தக் குடும்பம்தான். ஆனால் அவர் உயிலில், சொத்தைத் தம்பி மகனான அப்பா உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், பிறகு அது ஜானுக்கும் ஜானின் பையனுக்கும் என்று எழுதிவிட்டார். பையனுக்கு வயது நான்கு. மழலை, பிடிவாதம், சத்தம், இதிலேயே கிழவர் மயங்கிவிட்டாராம். பெண்களுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு மட்டும். திரைக்கதை எழுதிய எம்மா தாம்சன் அந்தப் பெரியப்பாவையும் பையனையும் தூக்கிவிட்டார். இரண்டேகால் மணி நேரப் படத்துக்கு அது சரியான முடிவுதான், அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் உங்களுக்கு வந்த சந்தேகமும் அதனால்தான்.

ஆக, பெண் என்றால் சொத்தே கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. உயில் இல்லாவிட்டால் நிலம் மூத்த மகனுக்கு. மகனே இல்லையென்றால் மகள்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். இதே கதையில் மூத்த பெண் எலினர் விரும்பும் எட்வர்டின் அம்மா மிஸஸ் ஃபெரர்ஸைப் பாருங்கள். விதவை. பணம் முழுக்க அந்த அம்மா கையில். வேறொரு பெண்ணோடு செய்துகொண்ட ரகசிய நிச்சயதார்த்தத்தை முறிக்க மாட்டேன் என்ற மூத்த மகனை ஒதுக்கிவிட்டு இளையவனுக்கு எழுதிவைக்கிறாள். இரண்டாவது பெண் மரியனை விட்டுவிட்டு வில்லோபி கட்டிக்கொள்ளும் மிஸ் கிரேயிடம் 50,000 பவுண்டு இருக்கிறது. ஆனால் ஒன்று, கல்யாணமானால் பெண்ணின் பணம் பொதுவாகக் கணவன் கைக்குப் போய்விடும். அந்த நிலை சரியாக மாறியது, மணமான பெண்களின் சொத்து பற்றிய 1882 சட்டத்தில்தான்.

என்னைக் கேட்டால், இந்தப் பெண்களைக் கைவிட்டது உயில் பாதி, அண்ணன் பாதி. அண்ணன் ஜானும் அண்ணி ஃபேனியும் நார்லாண்டுக்குக் கிளம்பி வரும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். தங்கைகளுக்கு 3000 பவுண்டு தருவதாக ஜான் ஆரம்பிக்கிறான். கெட்டவன் இல்லை, அசமந்தம். ஃபேனி குரலை உயர்த்துவதே இல்லை. 3000 பாதியாகிறது. பிறகு அம்மாவுக்கு வருடம் நூறு பவுண்டு என்கிறான். அதற்கு ஃபேனி, வருடா வருடம் கொடுப்பதாக ஒத்துக்கொண்டால் வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள். நாவலில் இதற்கு ஆதாரம் வேறு வைத்திருக்கிறாள்: அவள் அம்மா மூன்று பழைய வேலைக்காரர்களுக்கு அப்படிக் கொடுத்து அலுத்துப்போனாராம். கடைசியில் அவ்வப்போது ஏதாவது கொடுத்தால் போதும் என்று வந்து, அதுவும் இல்லாமல் போகிறது. சட்டம் அவன் கையைப் பிடிக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

இனி 500 பவுண்டு. நாவலின் கணக்குப்படி நாலு பேருக்குமாகக் கையிருப்பு பத்தாயிரம், ஐந்து சதவீத வட்டி. பட்டினி கிடக்கும் வருமானம் இல்லை, இரண்டு வேலைக்காரிகளும் ஓர் ஆளும் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வண்டி, குதிரை கிடையாது, பெண்களுக்கு வரதட்சணை கிடையாது. வரன் வராது என்பதுதான் அங்கே ஏழ்மை. சர்க்கரையை நிறுத்திவிட்டு மாட்டிறைச்சியையும் நிறுத்துகிறாயா என்று அம்மா கோபப்படுவது, பழைய பழக்கம் விடாததால். நாவலில் ஓர் அழகான இடம்: பணமெல்லாம் முக்கியமில்லை, கௌரவமாக வாழ்ந்தால் போதும் என்பாள் மரியன். அதற்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், வருடம் இரண்டாயிரம் வரை! எலினர் சிரித்துவிட்டு, நான் செல்வம் என்று நினைப்பதே ஆயிரம்தான் என்பாள்.

இதே கதையை 2000-ல் ராஜீவ் மேனன் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்று எடுத்தபோது, வீடு கைவிட்டுப் போக அவரும் ஓர் உயிலைத்தான் வைத்தார், தாத்தாவின் உயில். வேறு வழியும் இல்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. சட்டப்படி எல்லாம் மகனுக்குத்தான் என்று வசனம் வைத்திருந்தால், தியேட்டரிலேயே யாராவது எழுந்து வக்கீலைப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்.