எங்கட நெல்லு துடக்கில்லையோ?

வணக்கம் நேயர்களே. பரிசுத்த வாழ்வைப் பற்றிக் கால் மணி நேரம் பேச முடியுமா என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, முதலில் மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். நான் போதகர் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் பிறந்து, நெல்லுக் கடையொன்றில் கணக்கெழுதிப் பிழைத்து, இப்போது ஓய்ந்திருக்கிற ஒருவன். சபையில் வேதம் வாசிப்பேன். போதகர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பேசச் சொல்வார்கள், அவ்வளவுதான். பரிசுத்தம் என்று யாராவது சொன்னாலே எனக்கு ஒரு தராசு ஞாபகத்துக்கு வரும். சரி, அதைப் பற்றியே சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

அப்போது எனக்கு 24 வயது. ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனிடம் இருக்கிற சூடு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கூத்துப் பார்க்கப் போவதை விட்டேன். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால் யன்னலைச் சாத்தினேன். பக்கத்து வளவில் ஒரு மாமி இருந்தார். சொந்த மாமி இல்லை, ஆனால் என்னைத் தூக்கி வளர்த்தவர். அந்த வருடமும் தைப்பொங்கலுக்கு வழமைபோல ஒரு கிண்ணத்தில் பொங்கல் கொண்டுவந்தார். வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். சும்மா அனுப்பவில்லை, வசனமும் சொன்னேன்: "நீங்கள் அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோய், அசுத்தமானதைத் தொடாதிருங்கள்." அது இரண்டாம் கொரிந்தியர் ஆறாம் அதிகாரம் என்று மாமிக்கு எங்கே தெரியப்போகிறது? அசுத்தம் என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியிருக்கும். கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போய்விட்டார்.

பெரும்போக வெட்டு முடிந்து மாசியில் நெல் கடைக்கு வரத் தொடங்கியது. மாமியின் இரண்டு ஏக்கர் நெல்லும் வந்தது, 40 மூடை. தராசடியில் நான் நிற்கிறேன். மூடைக்கு 2 கிலோ சாக்குக் கழிவு, அதாவது சாக்கின் பாரத்துக்கென்று நெல்லின் நிறையில் குறைப்பது, கடையின் வழமை. சணல் சாக்கென்றால் ஒரு கிலோ அளவில் வரும். மாமி கொண்டுவந்ததோ உரம் வந்த வெறும் பைகள், கால் கிலோவும் தேறாது. அதற்கு மேல் ஈரக் கழிவு ஒரு கிலோ. இன்று மெஷின் வைத்து ஈரப்பதன் 14 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறார்கள். அன்று நாங்கள் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்போம். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல், நசிந்தால் ஈரம். மாமியின் நெல் டக்கென்று உடைந்தது. அந்தச் சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. நான் ஈரம் என்று எழுதினேன். யார் கொண்டுவந்தாலும் அப்படித்தான் எழுத வேண்டும் என்பது முதலாளியின் சொல்.

மூன்று கிலோப்படி 40 மூடைக்கு 120 கிலோ. ஏறக்குறைய இரண்டு மூடை நெல்.

மாமி காசை வாங்கி எண்ணினார். மறுகா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மனே, எங்கட பொங்கல் உனக்குத் துடக்கு. எங்கட நெல்லு துடக்கில்லையோ?"

துடக்கு என்றால் என்னவென்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தீட்டுத்தான்: செத்தவீட்டுத் துடக்கு, பிள்ளைப் பேற்றுத் துடக்கு. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், குளித்தால் போகும். பரிசுத்தம் என்ற சொல்லை முதன்முதல் கேட்டபோது நான் விளங்கிக்கொண்டதும் இந்தத் துடக்கின் மறுபக்கமாகத்தான். எதைத் தொடக் கூடாது, எங்கே போகக் கூடாது, யார் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். தமிழ்ச் சொல்லிலும் சுத்தம் இருக்கிறதால் அப்படி நினைப்பது சுலபம். எபிரேய மொழியில் அதற்கு உள்ள சொல் கதோஷ். வேறாக்கப்பட்டது, கடவுளுக்கென்று எடுத்துவைக்கப்பட்டது என்பது அதற்குள் இருக்கிற கருத்து. தேவாலயத்துப் பாத்திரம் வெள்ளிதான். கடைத்தெருவில் விற்கிற வெள்ளியும் அதே வெள்ளிதான். ஒன்று கர்த்தருடையது. வித்தியாசம் அவ்வளவே.

நான் மாமிக்குச் சொன்ன வசனமே பழைய ஏற்பாட்டு ஏசாயாவிலிருந்து பவுல் எடுத்தது. 52ஆம் அதிகாரத்தில், பாபிலோனை விட்டுப் புறப்படுகிற ஜனங்களைப் பார்த்து, "கர்த்தருடைய பாத்திரங்களைச் சுமக்கிறவர்களே, உங்களைச் சுத்திகரியுங்கள்" என்று வருகிறது. கையில் சுமந்துகொண்டு போவது யாருடைய பொருள் என்ற ஞாபகத்தோடு நட என்கிற பேச்சு அது. கொரிந்தியரில் அதற்குச் சற்று முன்னால் நுகத்தைப் பற்றி வருகிறது: அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருங்கள். நுகத்தில் பூட்டிய இரண்டு மாடும் ஒரே பக்கத்துக்குத்தான் இழுக்கும். இதை யோசித்துப் பார்க்க எனக்குக் கனகாலம் எடுத்தது. பொங்கல் கொண்டுவந்த மாமியோடு நான் எந்த நுகத்திலும் இருக்கவில்லை. முதலாளியின் கழிவுக் கணக்கோடு ஒரே நுகத்தில் நின்று, அதே பக்கத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து பிரிந்து போ என்று அந்த வசனம் சொல்வது என் காதில் விழவேயில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். "உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்குகிற அதிகாரம். சபைகளில் இந்த வசனத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே வருகிறதை யாரும் மாட்டி நான் கண்டதில்லை. வயலை அறுக்கும்போது ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. செவிடனை நிந்திக்காதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே. விக்கிரகத்தைப் பற்றியும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதிகாரம் முடிகிற இடத்துக்கு வந்தபோது எனக்கு வியர்த்துவிட்டது: "சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும், சுமுத்திரையான மரக்காலும், சுமுத்திரையான படியும் உங்களுக்கு இருக்கவேண்டும்." சுமுத்திரை என்றால் சரியான அளவு. மோசேயின் காலத்திலேயே நெல்லுக் கடையைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருந்தது.

வயல் வட்டையில் வேலைக்கு ஆள் பிடித்தவர்களுக்கு அந்தக் கூலி வசனம் எங்கே குத்தும் என்று தெரியும். 'நெல் வித்தவுடனே தாறன்' என்று சொல்லிச் சித்திரை வரைக்கும் இழுத்தடிக்கிற கூலி எத்தனை. அந்தப் போடிமார்களில், அதாவது வயற்சொந்தக்காரர்களில், ஞாயிற்றுக்கிழமை முன் வாங்கில் இருக்கிறவர்களும் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களே இப்போது றேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரியை இங்கே படித்தவர்களுக்குத் தெரியும். வரும் வழியில் கடலிலேயே மனைவியை இழந்தவர். இங்கே வந்து ஒரு வருடம் முடிவதற்குள், 1815இல், அவரும் இறந்துபோனார். அந்தச் சில மாதங்களில் அவர் செய்தது பள்ளிக்கூடம் திறந்தது. மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அங்கேதான் எண்ணுகிறது. அவரை அனுப்பியது ஜோன் வெஸ்லியின் வழிவந்த சபை. பரிசுத்தம், பரிசுத்தம் என்று ஓயாமல் பேசியவர் வெஸ்லி. ஆனால் அவர் 1739இலேயே எழுதிவிட்டார், சமூகத்தோடு சேராத பரிசுத்தம் என்று ஒன்று சுவிசேஷத்தில் கிடையாது என்று. ஊரை விட்டு ஒதுங்கித் தனியே இருந்து பரிசுத்தராகலாம் என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது.

ஒதுக்கம் என்றால் எங்கள் வாவியிலேயே ஒரு தீவு இருக்கிறது. மாந்தீவு. குஷ்டரோகிகளைத் தனியே வைத்துப் பராமரித்த இடம். நான் சிறுவனாயிருந்தபோது வள்ளத்தில் அந்தப் பக்கத்தால் போனால் பெரியவர்கள் தண்ணீருக்குள் கை வைக்க விட மாட்டார்கள். இன்று மாத்திரையால் குணமாகிற வருத்தம் அது. அன்று அங்கே போனவரை உறவும் மறந்துவிடும். மாற்கு முதலாம் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி இயேசுவிடம் வருகிறான். ஒரு வார்த்தை சொன்னாலே போதும் என்றிருக்க, இயேசு கையை நீட்டி அவனைத் தொடுகிறார். நியாயப்பிரமாணப்படி தீட்டு தொடுகிறவருக்குத்தான் வர வேண்டும். அங்கே சுத்தம் மற்றப் பக்கமாகப் போனது. நான் பொங்கல் கிண்ணத்துக்குப் பயந்தபோது, என்னிடமுள்ள சுத்தம் ஒரு கரண்டி சோற்றில் கரைந்துபோகும் என்று நம்பியிருக்கிறேன். அது எவ்வளவு மெலிந்த சுத்தம் பாருங்கள்.

பயத்துக்குப் பரிசுத்தம் என்று பெயர் வைப்பது சுலபமாக இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் முஸ்லிம் தீவிரவாதி ஒருவனின் தற்கொலைக் குண்டுக்குப் பிள்ளைகளை இழந்த நகரம் இது. அந்தத் துக்கத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்குப் பிறகான மாதங்களில், வருடக்கணக்காகப் பழகிய முஸ்லிம் வியாபாரியின் கடையைத் தாண்டி நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். மனதுக்குள் அதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தேன்.

இனிக் கூத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை விட்டதைத்தான் நான் பெரிய தியாகமாக நினைத்திருந்தேன். ரோமர் 12இல் ஒரு வசனம்: "நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்." நடுவில் கொஞ்சம் விட்டுச் சொல்கிறேன். வேஷம் என்ற சொல்லை எங்கள் மண்ணில் வாசிக்கிறவனுக்குக் கூத்தாடுகிற களரிதான் கண்ணில் வரும். வடமோடிக் கூத்தில் ராசாவுக்குக் கரப்புடுப்புக் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பேர் நின்று இறுக்கிக் கட்ட வேண்டும், மேலே கிரீடம். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டியதும் பகலெல்லாம் வயலில் நின்ற மனிசன் ராசாவாகி ஆடுவான். விடியும்போது உடுப்பைக் கழற்றுவான், வேர்வையோடு திண்ணையில் படுப்பான். அதில் ஏமாற்று எதுவுமில்லை. பார்க்கிற சனத்துக்கும் தெரியும், ஆடுகிறவனுக்கும் தெரியும், இது வேஷம் என்று. என்னுடைய வேஷம்தான் கழற்ற முடியாதது. கடைக்குள் கால் வைத்ததும் கடையின் உடுப்பு என் மேல் ஏறிவிடும். முதலாளி தட்டுகிற தாளத்துக்கு நான் ஆடுவேன், உலகம் அப்படித்தான் என்பேன். அது வேஷம் என்று எனக்கே தெரியாது.

அந்த வசனத்தில் மறுரூபமாகுங்கள் என்று இருக்கிறதே, மலையின்மேல் இயேசுவின் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்த இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. தமிழிலும் அப்படி, மூலக் கிரேக்கத்திலும் அப்படி. வெளியே இருந்து கட்டுகிறது வேஷம். உள்ளே இருந்து வருகிறது மற்றது. பவுல் தெரிந்துதான் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

உடனே மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். இன்னும் இரண்டு போகம் அதே தராசடியில் நின்று அதே கழிவை எழுதினேன். பிறகு ஒருநாள் துணிந்து முதலாளியிடம், உரப்பைக்கு 2 கிலோ கழிப்பது சரியில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. "வேதக்காரனுக்குக் கடை சரிவராது தம்பி" என்றார். அந்த மாதச் சம்பளத்தோடு வெளியே வந்தேன். வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. வீட்டில் பாணும் சம்பலுமாக ஓடிய மாதங்கள். அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. உலகத்திலிருந்து வேறுபிரிவது என்றால் அதுதான் என்று சபையில் யாரும் எனக்குச் சொல்லவுமில்லை, கை தட்டவுமில்லை. கூத்தை விட்டபோது தட்டினார்கள்.

சரி, அப்படியென்றால் படையலைச் சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். கொரிந்தியருக்கே அதே சிக்கல்தான். கடையில் விற்கிறதை வாங்கிச் சாப்பிடு, ஒன்றும் விசாரிக்காதே என்கிறார் பவுல். ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் வைக்கிறதைச் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு. நான் இன்றைக்கும் படைத்ததைச் சாப்பிடுகிறதில்லை. சாப்பிடுகிற விசுவாசியைக் குறை சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். அன்று நான் செய்த பிழை மறுத்ததில் இருக்கவில்லை, மறுத்த விதத்தில் இருந்தது. மாமியை உள்ளே வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லையே.

வேலை கிடைத்துக் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மாமி வீட்டுக்குப் போனேன். வேதத்தில் வருகிற வரி வாங்கிய சகேயு, அநியாயமாய் எடுத்ததை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான், என்னிடம் அவ்வளவு இருக்கவில்லை. மூன்று போகத்துக்கும் அவருக்குக் குறைத்ததைக் கணக்குப் பார்த்து, அன்றைய நெல் விலையில் கொண்டுபோனேன். வேண்டாம் மனே என்று சொல்லுவார் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. சொல்லவில்லை. நிலத்தில் குந்தியிருந்து தாள் தாளாக எண்ணினார். எண்ணி முடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, "தேத்தண்ணி போடட்டா?" என்று கேட்டார்.

அடுத்த தைப்பொங்கலன்று காலையில் மாமி வேலியடியில் நின்று கூப்பிட்டார். கையில் அதே கிண்ணம், மேலே வாழையிலைத் துண்டு. நான் வாய் திறக்க முந்தி அவரே சொன்னார்: "பயப்படாத மனே, இது படைக்க முதல் உனக்கெண்டு வேறயா எடுத்து வைச்சது."