லைன் மேடு

பினாங்கு ஜார்ஜ் டவுனில், ஒரு ஞாயிறு மாலை வாசகர் கூட்டத்தில் பேசியது. மேடையில் இரண்டு முறை சொன்னதை இங்கே ஒரு முறையாகக் குறைத்திருக்கிறேன்.

தலைவர் அவர்களே, பெரியவர்களே, பின்வரிசையில் மேசைக்கடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, வணக்கம்.

பலூன், ஆளில்லா விமானம், செயற்கைக்கோள் என்று பிரமாண்டமான தொழில்நுட்பத் திட்டங்களால் உட்புறப் பகுதிகளுக்கு இணையம் போய்ச் சேருமா என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. சேரும். ஆனால் சேர்ந்தது அங்கேயே தங்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நான் பேராசிரியர் இல்லை. தொலைத்தொடர்பு வேலையில் 31 வருடம் கோபுரம் ஏறி இறங்கியவன். முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சி.

முதலில் ஓர் இடத்தைக் காட்டுகிறேன். கெடாவில் குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் என் தம்பி குடும்பம் இருக்கும் தோட்டம். ஒரு காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர், இப்போது எல்லாம் செம்பனை. மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் இருக்கிறது, இரவில் சிவப்பு விளக்கு எரிவது லயத்து வாசலில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டு வாசலில், நின்றால் தெரியும். விளக்கு தெரியும், லைன் கிடைக்காது. கைப்பேசிக் கோபுரம் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். அலை நேர்கோட்டில் போகிற சாதி. மலையைச் சுற்றி வளைந்து வராது. மிச்சம் மீதி வருவதையும் செம்பனை ஓலை வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் பச்சை ஓலை முழுக்கத் தண்ணீர்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் போய்விட்டது. தம்பி பேத்தி அப்போது நான்காம் ஆண்டு. தோட்டத்து எல்லையில் பழைய தண்ணீர்த் தொட்டி இருந்த மேடு ஒன்று உண்டு. அங்கே மட்டும் இரண்டு கோடு காட்டும். ஒரு வாரத்தில் அதற்கு 'லைன் மேடு' என்று பேர் வந்துவிட்டது. காலை எட்டு மணிக்குப் போனால் பத்துப் பதினைந்து மோட்டார் நிற்கும். பிள்ளைகள் மோட்டார் சீட்டில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார்கள், தலைக்கு மேல் தாத்தா குடை பிடித்துக்கொண்டிருப்பார். மழை வந்தால் பள்ளி விடுமுறை. அதே ஆண்டு ஜூனில், சபா பித்தாஸில் ஒரு பல்கலைக்கழக மாணவி தேர்வு எழுத மரத்தின் மேல் தங்கிய காணொளி நாடு முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் மேட்டை யாரும் படம் எடுக்கவில்லை.

இதை ஏன் பினாங்கில் வந்து சொல்கிறேன்? இந்தத் தீவுக்குச் செய்தி வந்த கதை பழையது. 1870ஆம் ஆண்டு இறுதியில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி போட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது விண்வெளித் திட்டம் மாதிரி. கடல் தண்ணீர் உள்ளே போகாமல் அந்தக் கம்பிக்குச் சுற்றிய பொருள் என்ன தெரியுமா? கெத்தா பெர்ச்சா. நம் பாட்டன்மார் சீவிய பால்மரம் வேறு, இது தாபான் என்ற காட்டு மரத்தின் பால். மலாயாக் காட்டிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பாலை எடுத்தார்கள். உலகக் கடல்களின் அடியில் ஓடிய கம்பிக்கெல்லாம் உறை கொடுத்தது இந்தப் பக்கத்துக் காடு. அந்தக் காட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஒரு முழக் கம்பியும் போகவில்லை.

நம் ஆட்கள் கதையும் ஏறக்குறைய அதுதான். கம்பி சென்னையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஆனால் தோட்டத்தில் இருந்தவருக்கு ஊரிலிருந்து செய்தி ரஜுலா கப்பலில்தான் வந்தது, கடிதமாகவோ, கப்பலில் வந்து இறங்கியவர் வாய்ச்சொல்லாகவோ. தந்தி என்றால் சாவுதான். எங்கள் லயத்தில் தந்திக்காரர் சைக்கிள் மணி கேட்டால், கவரைப் பிரிப்பதற்கு முன்பே பாட்டிகள் ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள் என்று அப்பா சொல்வார். தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு காசு என்று கணக்கு. சாவைத் தவிர வேறு எதற்கு அதைச் செலவழிக்க முடியும்?

சரி, பலூனுக்கு வருகிறேன். அதற்குத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள்.

2013 ஜூனில் கூகுள் நிறுவனம் நியூசிலாந்தில் 'லூன்' திட்டத்தை அறிவித்தது. டென்னிஸ் ஆடுகளம் அளவுக்குப் பாலிதீன் பலூன். தரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில், பயணிகள் விமானத்துக்கு இரண்டு மடங்கு மேலே மிதக்கும். கீழே ஒரு பெட்டி தொங்கும், அதுதான் கோபுரம். சூரிய மின்சாரம். இயக்க மோட்டார் கிடையாது. அந்த உயரத்தில் காற்று அடுக்கடுக்காக வெவ்வேறு திசையில் ஓடுகிறது. உள்ளே காற்றை அடைத்தால் பலூன் கனத்துக் கீழிறங்கும், வெளியே விட்டால் மேலேறும். எந்த அடுக்கு எந்தத் திசையில் போகிறது என்று கணினி பார்த்துச் சொல்லும், பலூன் அந்த அடுக்குக்குப் போய் ஏறிக்கொள்ளும். பேருந்து மாறிப் போவது போல. ஒரு பலூன் 312 நாள் பறந்தது. நான் தொழில்காரன், இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

இலங்கையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2016 பிப்ரவரியில் ஒரு பலூன் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வந்து கிடந்தது. ஊர்க்காரர்கள்தான் கண்டெடுத்தார்கள். விழுந்தது என்று பத்திரிகை எழுதியது. திட்டப்படி இறக்கினோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். எதுவோ. தேயிலைச் செடிக்கு நடுவே அவ்வளவு பெரிய பிளாஸ்டிக் உறையையும் மின்னணுப் பெட்டியையும் சுற்றி நின்று பார்த்த ஆட்களை நினைத்துப் பார்க்கிறேன். இணையம் வரும் வரும் என்றார்கள், கடைசியில் தலைக்கு மேலிருந்தே வந்துவிட்டது.

2017இல் பெருவில் வெள்ளம், போர்ட்டோ ரிக்கோவில் சூறாவளி. இரண்டு இடத்திலும் இந்தப் பலூன்கள் உண்மையாகவே உதவின. அதில் பெருவில் வேலை வேகமாக நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. அங்கே வெள்ளத்துக்கு முன்பே உள்ளூர்த் தொலைபேசி நிறுவனத்தோடு பேசி, தரையில் கருவிகளைப் பொருத்தி வைத்திருந்தார்கள். பலூன் தானாக இணையத்தை உண்டாக்காது. தரையிலிருந்து யாராவது அதை மேலே அனுப்ப வேண்டும், இன்னொருவர் சிம் கார்டு கொடுக்க வேண்டும், அலைக்கற்றைக்கு அரசு அனுமதி வேண்டும்.

2020 ஜூலையில் கென்யாவில் சுமார் 35 பலூன்களோடு வணிகச் சேவை தொடங்கியது. ஐம்பதாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பு, அதாவது பினாங்கு, பேராக், பகாங் மூன்றையும் சேர்த்தால் வருகிறதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆறு மாதம்தான். 2021 ஜனவரியில் தாய் நிறுவனமே கடையைச் சாத்திவிட்டது. நிலைத்து நிற்கிற தொழிலாக நடத்தும் அளவுக்குச் செலவைக் குறைக்க முடியவில்லை என்றார்கள். அந்தப் பக்கத்து மக்களில் பலரிடம் நான்காம் தலைமுறைக் (4ஜி) கைப்பேசியே இல்லை என்பதும் ஒரு சிக்கல். வானத்தில் லைன் இருந்தது, கையில் போன் இல்லை.

பேஸ்புக் நிறுவனத்தின் 'அக்விலா' என்ற ஆளில்லா விமானத்தின் கதை இன்னும் சின்னது. இறக்கை 42 மீட்டர். 2016 ஜூனில் அரிசோனாவில் 96 நிமிடம் பறந்து, இறங்கும்போது உடைந்தது. 2018இல் மூடினார்கள். போகட்டும்.

செயற்கைக்கோள் விஷயத்தில் நான் தப்புக் கணக்குப் போட்டவன், அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். 1998 நவம்பரில் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் 'இரிடியம்' போன் வந்தது. 66 செயற்கைக்கோள், ஏறக்குறைய 500 கோடி டாலர் செலவு. போன் செங்கல் மாதிரி இருக்கும், கட்டடத்துக்குள் நின்றால் பேச முடியாது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, திவால். அப்புறம் இரண்டரைக் கோடி டாலருக்குக் கைமாறியது. அதனால் செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் 'ஸ்டார்லிங்க்' என்று கேட்டதும், இதுவும் அந்தக் கதைதான் என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். ராக்கெட்டின் கீழ்ப்பகுதி திரும்பி வந்து தரையில் நிற்கும், அதையே மறுபடியும் அனுப்புவார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. அங்கேதான் செலவுக் கணக்கு மாறியது.

இன்னொரு வித்தியாசம் உயரம். பழைய வகைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். நீங்கள் "அலோ" என்றால், அது மேலே போய்க் கீழே வந்து, பதில் மறுபடியும் மேலே போய்க் கீழே வர அரை வினாடி. பேச்சில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். ஸ்டார்லிங்க் இருப்பது சுமார் 550 கிலோமீட்டரில், அதனால் அந்தத் தாமதம் தெரியாது. ஆனால் தாழப் பறப்பதால் ஒன்றிரண்டு போதாது, ஆயிரக்கணக்கில் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருடம் போல ஆயுள், அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

மலேசியாவில் 2023 ஜூலையில் அதற்கு உரிமம் கிடைத்தது. வந்த புதிதில், அலையை வாங்கும் தட்டுக்கும் கருவிக்கும் 2,300 ரிங்கிட், மாதம் 220 ரிங்கிட். அப்போது நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட். தோட்டத்து வீடு ஒன்று நூற்றுக்குப் பதினைந்து வெள்ளியை இணையத்துக்கு எடுத்து வைக்குமா? தந்திக்காரர் சைக்கிள் மணி எனக்கு மறுபடியும் கேட்கிறது.

இப்போது என் கண்ணால் பார்த்த ஒன்று. எந்த அமைப்பு, எந்த வருடம் என்று சொல்லப்போவதில்லை. ஒரு தோட்டத்து மண்டபத்தில் செயற்கைக்கோள் தட்டு வைத்தார்கள், பழைய வகை. திறப்பு விழா, நாடா வெட்டு, மதியச் சாப்பாடு, எல்லாம் உண்டு. நான்காவது மாதம் இடி விழுந்து மின்கருவி கருகியது. புகார் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணைச் சொல்லி விசாரிக்க லைன் வேண்டுமே! பக்கத்துப் பட்டணத்துக்கு மோட்டாரில் போய்ப் போன் பண்ணினார் மண்டபக் காப்பாளர். மூன்று தடவை. நான் தற்செயலாக அங்கே போனபோது தட்டின் முன்கொம்பில் மைனா கூடு கட்டியிருந்தது, கழன்று சாய்ந்த தட்டில் ஓர் அக்கா மோர்மிளகாய் காயவைத்திருந்தார். "வெயில் நல்லா விழுது தம்பி" என்றார். தட்டு எதற்காக அந்தத் திசையைப் பார்த்தது என்று எனக்குத்தான் தெரியும், அதன் பலன் அவருக்குத்தான் கிடைத்தது. மாற்ற வேண்டியிருந்தது ஒரு மின்கருவி. நூறு இருநூறு வெள்ளிச் சமாச்சாரம். ஆனால் அதை மாற்றும் வேலை எந்த ஆளுடைய பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை.

இதற்கு நேர் எதிர் கதை சரவாக்கில் இருக்கிறது. பாரியோ. கெலாபிட் மக்கள் வாழும் மலைநாடு, கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே. அந்தக் காலத்தில் மீரியிலிருந்து சின்ன விமானத்தில் போக வேண்டும், அதுவும் வானம் தெளிந்திருந்தால். சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தினர் 1990களின் கடைசியில் அங்கே இணையம் கொண்டுபோனார்கள். தொழில்நுட்பம் என்று பார்த்தால் அதே பழைய வகைத் தட்டு, சூரியப் பலகை, சில கணினிகள். பிரமாண்டம் எதுவும் இல்லை. ஆனால் முதலில் கணினியைக் கொண்டுபோகவில்லை. போய் உட்கார்ந்து, உங்களுக்குச் செய்தி எப்படி வருகிறது, எது வேண்டும் என்று கேட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் குழு அமைத்தார்கள், மையத்தை நடத்தியது ஊர் ஆள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு பேச, தங்கும் வீடுகளுக்கு வருகிற பயணிகளைப் பிடிக்க என்று அவர்களே பயன் கண்டுபிடித்தார்கள். 2011இல் சொந்தமாக வானொலியும் தொடங்கினார்கள். எங்கள் தோட்டத்துத் தட்டுக்கும் பாரியோ தட்டுக்கும் இயந்திரத்தில் வேறுபாடு குறைவு. சாவி யார் இடுப்பில் தொங்கியது என்பதைப் பாருங்கள்.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள், கணக்கில் வரும் வருமானம் இருபது லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால் அதில் 6 விழுக்காட்டை அனைவருக்குமான சேவை நிதிக்குக் கட்ட வேண்டும். அரசின் ஜென்டேலா இணைய விரிவாக்கத் திட்டத்தில் 2022 முடிவில், மக்கள் வசிக்கும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு நான்காம் தலைமுறைச் சேவை எட்டிவிட்டதாக அறிவித்தார்கள். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. மிச்சம் மூன்று விழுக்காடுதான் மலைக்குப் பின்னால் இருக்கிறது. தோட்டமாக இருந்தால் நிலமும் தனியாருடையது, கோபுரத்துக்கு இடம் கேட்டு உரிமையாளரிடம் போக வேண்டும். லயத்து ஜனங்களுக்கு அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை.

இந்த இடத்தில்தான் புதிய தட்டுகள் எனக்குப் பிடிக்கின்றன. கோபுரம் வேண்டாம், கம்பி வேண்டாம், மேலே கொஞ்சம் திறந்த வானம் போதும். தம்பி தோட்டத்தில் கோயில் கமிட்டி போன வருடம் ஒன்று வாங்கி மண்டபக் கூரையில் வைத்தது. பன்னிரண்டு வீடு மாதச் சந்தாவைப் பங்கு போட்டுக்கொள்கிறது. தம்பி மகன்தான் பொறுப்பு. முதல் வேலையாக அவனுக்கு இடிதாங்கிக் கம்பி போடச் சொல்லிக் கொடுத்தேன், ஒரு மின்கருவியை உபரியாக வாங்கி அலமாரியில் வைக்கச் சொன்னேன். அடைமழையில் அறுந்துபோகும், பத்து நிமிடத்தில் திரும்பி வரும். பேத்தி இப்போது மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிறாள். லைன் மேட்டில் ஆடு மேய்கிறது.

நேற்று இரவு தம்பி மகன் கூப்பிட்டான். இந்த மாதம் இரண்டு வீடு பணம் தரவில்லையாம். ஒரு வீட்டில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, இன்னொரு வீடு பட்டணத்துக்குக் குடிபோகப் போகிறது. மறைச்சொல்லை மாற்றிவிடட்டுமா என்று கேட்கிறான். வேலை போன வீட்டில் எஸ்.பி.எம்., அதாவது பள்ளி இறுதித் தேர்வு, எழுதுகிற பையன் இருக்கிறான். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். உங்களில் யாராவது கூட்டுச் சங்கம் நடத்தியிருந்தால், தேநீர் வேளையில் என்னை வந்து பாருங்கள்.