கதிர்வீச்சைப் புரியவைப்பது கருவியா, கலையா? கலையே!

நடுவர் அவர்களே, வணக்கம். கதிர்வீச்சை மக்களுக்குப் புரியவைப்பது அளக்கும் கருவியா, கலைஞரின் படைப்பா என்று தலைப்பு கொடுத்துவிட்டு என்னைக் கலைப் பக்கம் உட்காரவைத்துவிட்டீர்கள். எதிரணி அண்ணன் பேசியபோது நானும்தான் கைதட்டினேன். "கண்ணுக்குத் தெரியாது, வாடை கிடையாது, தொட்டால் சுடாது, மீட்டர் சொன்னால்தான் உண்டு, இதில் கலைஞனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

சரி, கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெருமையாகச் சொன்ன விஞ்ஞானி பெக்கரலிடமே போவோம். 1896, பாரிஸ். யுரேனிய உப்பை வெயிலில் வைத்தால்தான் கதிர் வரும் என்று மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார், பிப்ரவரிக் கடைசியில் பார்த்தால் ஒரே மூட்டம். கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகடு, அதன்மேல் ஒரு செம்புச் சிலுவை, அதற்கும் மேல் உப்பு, எல்லாவற்றையும் அப்படியே இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். மார்ச் 1 அன்று தகட்டைக் கழுவினால் சிலுவையின் நிழல் விழுந்திருக்கிறது. அண்ணே, அது மீட்டர் இல்லை, போட்டோ! உங்கள் கட்சி பிறந்ததே எங்கள் வீட்டு இருட்டறையில்தான்.

ஷிம்பேய் தகேதா என்ற ஜப்பானியக் கலைஞர் அதையேதான் செய்தார். 2011-ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தது, அவர் பிறந்ததும் அந்த மாகாணத்தில்தான். கோயில், பழைய கோட்டை என்று நினைவு தங்கிய இடங்களாகப் பார்த்து மண் அள்ளிவந்து, ஒளி புகாத பெட்டியில் ஃபிலிம்மீது பரப்பி, ஒரு மாதம் விட்டுவிட்டார். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை. நிஹொன்மத்சு கோட்டை மண் வைத்த படத்தைப் பார்த்தால் அமாவாசை வானம் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும், அழகென்று சொல்ல வாயெடுத்தவுடனே அது என்னவென்று உறைக்கும். "அவலத்தை அழகாக்குகிறீர்கள்" என்று எதிரணித் தங்கை சொன்னாரே, அவருக்கு ஒன்று சொல்கிறேன்: அதே வரிசையில் சில படங்கள் ஏறக்குறைய வெறும் கறுப்பு. அழகுக்காகச் செய்திருந்தால் அவற்றை மாட்டுவானேன்?

மீட்டர் பொய் சொல்லாது என்றீர்கள். 1986-ல் செர்னோபில் உலை வெடித்த அன்று அங்கே கையிலிருந்த மீட்டர் கதிர்வீச்சின் அளவு மணிக்கு 3.6 ரோண்ட்கன் என்று காட்டியது. ஏன் தெரியுமா? அதற்குமேல் காட்ட அதில் இடமில்லை! சில இடங்களில் உண்மை அளவு ஆயிரக்கணக்கான மடங்கு. பாவம், மீட்டரைக் குறை சொல்லவில்லை, முள் ஓடுகிற வரைதானே ஓடும். ஆனால் அந்த எண்ணை நம்பி எத்தனை பேர் அங்கேயே நின்றார்கள்! அப்புறம் அங்கே போய் ஆவணப்படம் எடுத்த விளாடிமிர் ஷெவ்சென்கோ ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், படம் நெடுக வெள்ளைப் பொறிகள், ஒலியில் படபடவென்று பொரிகிற சத்தம். ஃபிலிம் கெட்டுப்போச்சு என்றுதான் முதலில் நினைத்தார்கள். கெட்டது ஃபிலிம் இல்லை, யாரும் கூப்பிடாமலே கதிர்வீச்சு வந்து படத்தில் நடித்துவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த ஆண்டே ஷெவ்சென்கோ இறந்துபோனார்.

இன்னொரு கிண்டலும் வந்தது, "ஆளே போகமுடியாத இடத்தில் கண்காட்சி வைத்தார்களாமே, பேய்க்கா டிக்கெட்?" என்று. அதைக் கேட்டு நானே சிரித்துவிட்டேன். ஃபுகுஷிமா தடைப் பகுதிக்குள் 2015 மார்ச் 11 அன்று நிஜமாகவே ஒரு கண்காட்சியைத் திறந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்களே தங்கள் வீட்டையும் கிடங்கையும் கொடுத்தார்கள். அந்த இடத்தில் தடை நீங்கினால்தான் அங்கே இருக்கிற படைப்பைப் பார்க்கலாம். அங்கே மண்ணில் படிந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய 30 ஆண்டு என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம், சொந்த வீட்டுக் கதவு எப்போது திறக்கும் என்று காத்திருப்பவருக்கு அந்த 30 ஒரு வரியா?

எண்ணிக்கை வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள், இந்தாருங்கள்: 2,053. 1945 முதல் 1998 வரை உலகில் வெடித்த அணுகுண்டுகள். இசாவோ ஹஷிமோட்டோ என்ற ஜப்பானியக் கலைஞர் 2003-ல் இதை ஒரு வீடியோவாகச் செய்தார். உலக வரைபடம், ஒரு மாதத்துக்கு ஒரு விநாடி, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு மின்னல், ஒரு ஒலி. முதலில் அமைதி, எப்போதோ ஒரு டொய்ங். அறுபதுகளுக்கு வரும்போது வீடியோ கேம் கடைக்குள் நுழைந்த மாதிரி இரைச்சல். கடைசியில் சத்தம் அடங்கி, முடிந்தது என்று நினைக்கும்போது நம்ம பக்கம் மின்னுகிறது. 1998 மே, பொக்ரான். அன்று எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். ஐந்து குண்டு என்று எனக்கு அப்போதே தெரியும், நடுவர் அவர்களே, பேப்பரில் போட்டிருந்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் டொய்ங் கேட்டு முடித்த காதில் அந்த ஒலி வந்து விழுந்தபோது லட்டு ஞாபகம் வந்து, வீடியோவை நிறுத்திவிட்டேன். வணக்கம்.