ஒரு லிட்டர் எண்ணெய் எத்தனை கிராம்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டை வாங்கி வந்து தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கிலோ இல்லையே, எடையில் அடித்துவிட்டாரே என்று கடைக்காரர் மேல் கோபப்பட்டிருக்கிறீர்களா? அவர் மேல் தப்பில்லை. தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இருப்பதால் எல்லாமே அப்படித்தான் என்று மனதில் பதிந்துவிட்டது, ஆனால் சாம்பாரில் எண்ணெய் மேலே மிதப்பதைத் தினமும் பார்க்கிறோமே, அது தண்ணீரைவிட லேசு. சமையல் எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம்தான் வரும். தேன் என்றால் அதே பாட்டிலில் 1,400 கிராம் பிடிக்கும். இதைத்தான் அடர்த்தி என்கிறோம்.

லிட்டரைக் கிலோவாக்க 0.91-ஆல் பெருக்க வேண்டும், கிலோவை லிட்டராக்க 0.91-ஆல் வகுக்க வேண்டும். ஒரு கிலோ எண்ணெய் ஏறக்குறைய 1,100 மில்லி. விடை ஒரு லிட்டருக்குக் குறைவாக வந்தால் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சரி, இதனால் என்ன லாபம்? மரச்செக்குக் கடையில் கிலோ 195 ரூபாய், பக்கத்துக் கடையில் அதே எண்ணெய் லிட்டர் 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் 180-தான் மலிவு என்று தோன்றும். ஆனால் ஒரு லிட்டரில் 0.91 கிலோதான் இருக்கிறது, அதனால் 195-ஐ 0.91-ஆல் பெருக்கிப் பாருங்கள், செக்கு எண்ணெய் லிட்டர் 177 ரூபாய் சொச்சம்தான்!

அப்புறம் இன்னொன்று, எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம். சூடானால் எண்ணெய் விரியும், அதனால் அதே ஒரு லிட்டரின் எடை குறையும். சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்கு 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சில தயாரிப்பாளர்கள் பாக்கெட்டில் வெப்பநிலையை 60 டிகிரி வரைக்கும் போட்டு, அந்தக் கணக்குக்கு நிரப்பினார்கள். நம் சமையலறை அலமாரியில் எண்ணெய் 60 டிகிரியிலா இருக்கிறது? 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தலையிட்டு, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவைப் போடுங்கள், கூடவே எடையையும் போடுங்கள் என்று சொன்னது.

ஆகவே அடுத்த முறை இரண்டு பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது, பெரிய எழுத்தில் இருக்கும் லிட்டரை விட்டுவிட்டு, பொடி எழுத்தில் இருக்கும் கிராமைத் தேடுங்கள், விலையை அதனால் வகுத்துப் பாருங்கள். வணக்கம்.